காலைக் கையும் பின்னேரக் கையும்

மகனே,

உறையைப் பிரித்ததுமே இது அம்மாவின் கையெழுத்து என்று கண்டிருப்பாய். எழுதுவது அவள், சொல்வது நான். பேனாவைப் பிடித்து அரைப் பக்கத்துக்கு மேல் எழுத என் விரல்கள் இப்போது விடுவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்து, அவளை எதிர்க் கதிரையில் இருத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நான் சொல்லுறதை அப்பிடியே எழுதும். ஒண்டையும் வெட்டக்கூடாது, கூட்டக்கூடாது" என்றேன். "நான் என்ன உங்கட பொலிஸ் ஸ்ரேசன் கிளாக்கரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனா மூடியைக் கழற்றினாள். அதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறாள். இந்தக் கடிதம் முடியும் வரைக்கும் அவள் இப்படியே எழுதிக்கொண்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் வேண்டுமென்றேதான் அவளைக் கூப்பிட்டு இருத்தினேன். அது ஏன் என்று போகப் போக உனக்கும் விளங்கும், அவளுக்கும் விளங்கும்.

உன் கடிதம் கல்கரியிலிருந்து புதன்கிழமை வந்தது. கலியாண மண்டபம் கிடைத்தது, சாந்தி வீட்டார் சம்மதித்த நாள், உடுப்பு, சாப்பாடு எல்லாம் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒன்று எழுதியிருந்தாய். அதைத் திரும்ப இங்கே எழுதச் சொல்கிறேன், உன் கண்ணாலேயே நீ ஒருமுறை பார்: "அப்பா, உங்கட அந்தச் சின்னப் பிஸ்டல் என்ன மாதிரி? எங்கை வாங்கினனீங்கள்? புதுக் கொம்பனி தாற ரிவோல்வர் எனக்குச் சரிவராது. ஆறு மாசமாய்க் காலமையில விரல் மடங்குதில்லை. உங்களுக்கு வந்த அதே வாதம்தான் போல. கொம்பனிக்குச் சொல்லேல்லை. சுடுற சோதனையைப் பின்னேரத்துக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறன். கலியாணம் முடிஞ்சால் ஒரு பிரச்சினையும் இல்லை, அம்மா உங்களுக்கு இழுத்துத் தந்த மாதிரி சாந்தி எனக்கு இழுத்துத் தருவாள்."

கடைசி வரியை வாசித்து அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, நான் செய்த அதே காவல் வேலையில் நீயும் சேரப்போகிறாய். உன்னோடு காரில் வரப்போகிற ஆள் யாரென்று உனக்கே இன்னும் தெரியாது. அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே அவன் எத்தனை மணிக்கு வருவான் என்று பார்த்துக்கொண்டு யாராவது இருப்பார்கள். உன் விரலைப் பற்றி நீ மறைத்தால் அந்த மனுஷனுக்கு என்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் கை மோசமாகத் தொடங்கியது, நாங்கள் ரொறன்ரோவில், பார்க்டேலில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்த காலம். நீ இரவு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். நான் அந்த வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். விமான நிலையத்திலிருந்து நகைக் கடைகளுக்குப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, சாதாரணக் காரில், கோட்டுக்குள் ரிவோல்வரோடு போய் வரவேண்டும். அதற்கு முன் பிஸ்கட் தொழிற்சாலையில் நிலம் கூட்டினேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். இலங்கையில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவன், சிங்களப் பரீட்சை எழுதமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துப் பென்சன் வாங்கிக்கொண்டு வெளியேறியவன், எழுபத்தொன்றில் இங்கே வந்து தும்புத்தடி பிடித்தேன். பிறகு இந்த வேலை கிடைத்தது. பொலிஸ் எழுதித் தந்த அனுமதிப் பத்திரம் என் சட்டைப் பையில் இருந்தது. ரொறன்ரோவில் அப்போதிருந்த தமிழர்களில் துவக்கு வைத்திருக்க அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். கலியாண வீடுகளில் கோட்டைக் கழற்றாமல் இருந்து சாப்பிட்டேன். நீ என்னை நையாண்டி பண்ணுவாய். எனக்கு அது பெரிய விஷயம். இன்ஸ்பெக்டர் வேலை திரும்பக் கிடைத்தமாதிரி இருந்தது.

அந்த வேளையில்தான் விரல். காலையில் எழும்பினால் பத்து விரலும் வீங்கி, மடங்காமல், பல் துலக்கும் பிரஷைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடக்கும். பத்துப் பதினொரு மணிக்குக் கொஞ்சம் இளகும். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு குறையும் இல்லாதவன்போல் கை குலுக்குவேன். மதுரைக்கார டொக்டர் ஒருவர் இருந்தார், உனக்குத் தெரியும், நம்மோடு நல்ல பழக்கம். அவரிடம் காட்டினேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது சாதாரண வலி இல்ல, மூட்டு வாதம். மாத்திரை தர்றேன், குறையும், ஆனா போகாது. காலைல எட்டு மணிக்கு உங்க கை அறுபது வயசுக் கை இல்ல, தொண்ணூறு வயசுக் கைன்னு வச்சுக்குங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு அந்த வேலை வேணுமா? ஆபீஸ்ல சொல்லிடுங்க, உள்ளுக்குள்ளயே வேற வேலை குடுப்பாங்க" என்றார். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை என்று அவரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தேன். அவர் சொன்ன முக்கியமான விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே வேறு வேலை என்றால் தும்புத்தடி. வேறு என்ன தரப்போகிறார்கள்?

கம்பனி தந்த ரிவோல்வரின் விசை இறுக்கம். ஒவ்வொரு தரமும் விரலின் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கினால் அதைப் பதிந்து, அனுமதியில் சேர்த்துத் தர கம்பனி சம்மதிக்கும் என்று தெரிந்ததும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் யுத்தத்துக்குப் போய் வந்த கிழவர். சின்னதாக, தட்டையாக ஒன்று வேண்டும் என்றேன். சின்னது என்றால் இலேசு என்பதுதான் என் கணக்கு. நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய், இல்லையா? கேள். சின்னப் பிஸ்டல்தான் பலவீனமான கைக்குக் கஷ்டம். முதல் ரவையைக் குழலுக்குள் ஏற்ற அதன் மேல் பாகத்தைப் பின்னால் முழுக்க இழுத்து விடவேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிஸ்டல் சிறுக்கச் சிறுக்க இறுகிக்கொண்டே போகும், பிடித்து இழுக்க விளிம்பும் இருக்காது. பிடி மெல்லியதாக இருந்தால் விரல்கள் இன்னும் அதிகமாக மடங்கவேண்டும். பாரம் குறைந்தால் சுடும்போது உதைப்பு முழுவதும் மூட்டில் வந்து இறங்கும். பூட்டு என்று, பெருவிரலால் கீழே தள்ளினால்தான் சுடவிடும் ஒரு துண்டு இரும்பு இருக்கிறதே, சின்னப் பிஸ்டலில் அது அரிசியளவுதான் இருக்கும். இதெல்லாம் அந்தக் கிழவர் எனக்குச் சொன்னது. நான் முப்பது வருடம் துவக்கோடு இருந்தவன், எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

அவர் ஒரு பிஸ்டலை எடுத்து வைத்தார். மிகச் சிறிய ரவை போடுவது. மேல் பாகத்தை இழுக்கவே தேவையில்லை, குழலின் பின்பக்கம் மேலே எழும்பித் திறக்கும், ரவையை நேரே வைத்து மூடிவிடலாம். "உன் கைக்கு இதுதான். அல்லது எதுவுமே வேண்டாம்" என்றார். பெண்கள் கைப்பையில் வைத்துத் திரிகிற விளையாட்டுச் சாமான் என்று அதைத் தள்ளிவிட்டேன். அதைவிடச் சற்றே பெரிய, தட்டையான, கறுப்புப் பிஸ்டல் ஒன்றைக் காட்டினேன். பார்க்க மிடுக்காக இருந்தது. எடுத்து இழுத்தேன், வந்தது. பூட்டைத் தள்ளினேன், விழுந்தது. கிழவர் என் விரல் மூட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்?" என்று கேட்டார். ஏழரைக்கு என்றேன். "அப்படியென்றால் நாளைக் காலை ஏழரைக்கு வா. உனக்காகக் கடையைத் திறந்து வைக்கிறேன். அந்தக் கையோடு இதை இழுத்துக் காட்டு, பிறகு வாங்கு" என்றார். எனக்கு நேரமில்லை என்றேன். அப்போது பின்னேரம் நாலரை மணி. மகனே, என் பிஸ்டலை நான் பின்னேரக் கையால் தேர்ந்தெடுத்தேன், காலைக் கையோடு கொண்டு திரிந்தேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அடுத்த நாள் காலையில் நடந்தது உனக்குத் தெரியும், நீ குசினி வாசலில் நின்று சிரித்தாய். நான் மேசையில் பிஸ்டலை வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்ட இழுக்கிறேன், அரை அங்குலம் நகரவில்லை. அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இஞ்சை தாங்கோ" என்று வாங்கினாள். இடியப்ப உரல் பிழிந்து பிழிந்து இறுகிய கை. ஒரே இழுப்பு. (நான் ஒரே இழுப்பில் இழுக்கவில்லை, இரண்டாம் தரம்தான் வந்தது என்று இந்த இடத்தில் சொல்கிறாள். சரி, இரண்டாம் தரம்.) அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. பனியில் வழுக்காமல் தூவ வாங்கிவைத்த மண் நிரம்பிய வாளியை மேசைக்குக் கீழே வைத்தேன். பிஸ்டலின் வாய் எப்போதும் வாளிக்குள் பார்க்கவேண்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும் என்று பழக்கினேன். முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாதவள், "முருகா" என்று சொல்லிக்கொண்டு இழுப்பாள், பூட்டை மேலே போடுவாள், என் கோட்டுக்குள் வைப்பாள், பிறகு சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுப் போய் விளக்கேற்றுவாள். சில நாட்களில், "இண்டைக்கும் வேணுமே உது?" என்று கேட்பாள். நான் கதவுப் பக்கம் போய்விடுவேன். பார்சல் கட்டித் தருகிறமாதிரி தினமும் எனக்கு அதைக் கட்டித் தந்தாள், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு போனேன்.

என்னோடு வேலை செய்த பிராங்க்கை உனக்கு ஞாபகமிருக்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்து, உறைப்புத் தாங்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இரண்டு தட்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனானே, அந்தப் பெரிய உருவம். முன்பு ஸ்ட்ரீட்கார் ஓட்டியவன். என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவான். எங்கள் வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது: ஒருவன் பெட்டி தூக்குவான், மற்றவன் இரண்டு கையையும் வெறுமையாக வைத்துக்கொண்டு பின்னால் வருவான். பெட்டி தூக்குகிறவனால் தன் ரிவோல்வரைத் தொட முடியாது. அவனைப் பார்த்துக்கொள்வது மற்றவனின் பொறுப்பு. ஒருநாள் அவன், ஒருநாள் நான் என்று மாற்றி மாற்றிச் செய்வோம். குளிர்காலம் தொடங்கியதும் நான் பெட்டியின் பிடியைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவதை பிராங்க் கண்டுவிட்டான். கோப்பிக் கோப்பையின் மூடியையும் அவனே திறந்து தருவான். "இன்ஸ்பெக்டர், கை எப்படி?" என்று ஒருநாள் நேராகவே கேட்டான். குளிர்தான், நாங்கள் சூட்டுத் தேசத்து ஆட்கள் என்று சொன்னேன். அவன் நம்பிவிட்டான். "அப்படியென்றால் கோடை வரும்வரை பெட்டியை நானே தூக்குகிறேன்" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பெட்டி அவன் கையில், அவன் உயிர் என் கையில். அவன் என்னில் இரக்கப்பட்டு அப்படிச் செய்தான். நான் அன்றைக்கு ஒரு சொல் உண்மை சொல்லியிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான். சொல்லவில்லை, மகனே. வாய் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வாய் வந்தது. விருப்பம் வரவில்லை.

வருடாந்தச் சுடும் சோதனையை நானும் பின்னேரத்துக்குத்தான் கேட்டு வாங்கினேன். பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரவேண்டும் என்று ஒரு காரணம் சொன்னேன். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. உன் கடிதத்தில் அதே வரியை வாசித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய மாசி மாதம். இப்போது ஆட்கள் ஏறிப் பார்க்கிற அந்தப் பெரிய கோபுரத்தை அப்போதுதான் கட்டி முடித்துக்கொண்டிருந்தார்கள், கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் நின்றால் அது தெரியும். காலை எட்டு மணி. நல்ல குளிர். பிராங்க் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போகிறான், நான் ஐந்தாறு அடி பின்னால். குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். துவக்கு இல்லை. ஒருவன் கையில் இரும்புக் குழாய். துவக்கை எடுக்கக் கூடியவன் நான் மட்டும்தான். நான் எடுத்தேன். பயப்படவில்லை, நேரே அவன் நெஞ்சுக்குப் பிடித்தேன். ரவை குழலுக்குள் இருந்தது. பூட்டை மட்டும் கீழே தள்ளவேண்டும். பெருவிரல் போகவில்லை. தள்ளுகிறேன், அது என் விரலே இல்லை, மரக்கட்டை. பிராங்க் பெட்டியைக் கீழே போடாமல், என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்ஸ்பெக்டர்!" என்றான். நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பித்தான் பெட்டியைப் போடவில்லை. குழாய் அவன் தலையில் விழுந்தது. இரண்டு தரம். பெட்டியோடு ஓடிவிட்டார்கள்.

இனிச் சொல்லப்போவதை நான் எவருக்கும் சொன்னதில்லை. (எழுதும், நிப்பாட்டாதையும் என்கிறேன். எழுதுகிறாள்.) பிராங்க் பனியில் கிடக்கிறான். நான் முதலில் செய்தது அவனிடம் ஓடிப் போனதல்ல. பிஸ்டலை முழங்காலுக்கு இடையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, அந்தப் பூட்டைக் கீழே தள்ளினேன். பொலிஸ் வந்து பார்க்கும்போது பூட்டுப் போட்டபடி இருக்கக்கூடாது. இருந்தால் கேட்பார்கள், கையைப் பார்ப்பார்கள், எல்லாம் வெளியே வரும். பொலிஸ்காரன் புத்தி அந்த நேரத்திலும் வேலை செய்தது. அதன் பிறகுதான் என் கோட்டைக் கழற்றி அவன் தலைக்குக் கீழே வைத்தேன். பிஸ்டல் இறுகிவிட்டது, சுடவில்லை என்று சொன்னேன். அவர்கள் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஒரு பழுதும் காணவில்லை, குளிரில் எண்ணெய் தடித்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிராங்க் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து செத்தான். கம்பனி எனக்கு ஒரு கடிதம் தந்தது, ஆபத்திலும் தோழனை விட்டு ஓடாதவர் என்று. நீதான் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தாய். டோர்செட் பார்க்குக்கு வீடு மாறி வந்தபோதும் நீதான் ஆணி அடித்து மாட்டினாய். இப்போதும் என் தலைக்கு மேல் தொங்குகிறது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. உனக்காக மட்டும் என்றால் இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருப்பேன்.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்து, பிஸ்டல் இறுகிவிட்டது என்று சொன்னபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "காலமை நான் இழுத்தது சரிதானே?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி என்று சொல்லியிருக்கலாம். குளிர் என்று அவளுக்கும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொரு கேள்வி வந்துவிடும் என்று பயந்தேன். "முழுக்க இழுபடேல்லைப் போல" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வரி. அடுத்த கிழமை இடியப்ப உரலைக் கடுதாசியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். ஏன் இடியப்பம் அவிப்பதில்லை என்று நீ கேட்டபோது, கை நோகிறது என்றாள். அவளுக்குக் கை நோவு கிடையாது, மகனே. பிராங்க்கின் மனைவிக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் முட்டை போடாத கேக் செய்துகொண்டு பஸ் மாறி மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்கு முழுவதும் பட்டினி கிடக்கிறாள். தன் கையால் ஒரு மனுஷன் செத்துப்போனான் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியும். ஒவ்வொரு நாளும் தெரியும். என் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு நான் பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தேன்.

அவள் சரியாகத்தான் இழுத்தாள். ரவை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பிழை என்

இனி என் எழுத்து. அம்மா பேனாவை வைத்துவிட்டாள். மூடி போட்டு, கடுதாசிக்குப் பக்கத்தில், நேராக வைத்தாள். எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். தண்ணீர் ஓடுகிறது. அழுகிற சத்தம் இல்லை. மூன்று மணி ஆகிறது, விரல் கொஞ்சம் இளகியிருக்கிறது, பேனாவை முஷ்டிக்குள் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிண்டினமாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கேள்விக்கு முடிவாக ஒரு பதில். காலையில் எழும்பிய கையோடு கடைக்குப் போ. அந்தக் கையால் இழுக்க, பூட்டைத் தள்ள, விசையை இழுக்க முடிந்த பிஸ்டல் இருந்தால் வாங்கு. கடை முழுக்கத் தேடியும் இல்லையென்றால் உனக்குப் பிஸ்டல் இல்லை. அந்த வேலையும் இல்லை. கம்பனியில் சொல். தும்புத்தடி தந்தால் வாங்கிக் கூட்டு. நான் கூட்டியிருக்கிறேன், அதில் யாரும் சாகவில்லை. அந்தச் சட்டம் போட்ட கடிதத்தை இன்றைக்குக் கழற்றுகிறேன். பொலிசுக்கும் பிராங்க்கின் மனைவிக்கும் சொல்லவேண்டியதை நாளைக்குப் போய்ச் சொல்வேன். காலையிலேயே போவேன், இந்தக் கையோடு. என்ன செய்வார்களோ செய்யட்டும்.

தண்ணீர் நின்றுவிட்டது. அம்மா வந்து கதிரைக்குப் பின்னால் நிற்கிறாள். "அண்டைக்கு நான் முழுக்க இழுத்தனானோ?" என்று கேட்கிறாள். "ஓம்." "என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ." பார்த்துச் சொன்னேன். "நீர் சரியாத்தான் இழுத்தனீர்." "மூண்டு வருசம்" என்று சொன்னாள். பேனாவைத் தாங்கோ என்று கையை நீட்டுகிறாள். கொடுக்கிறேன்.

தம்பி, இது அம்மா. நான் எழுதுறன், ஒருத்தரும் சொல்லேல்லை. உன்ரை அப்பாவுக்கு நான் என்ன சொல்லுறது எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை. அது எங்கட பாடு. உனக்கு ஒண்டு சொல்லுறன். நீ சாந்தியைப் பற்றி எழுதினதை வாசிச்சு நான் சிரிச்சனான், இனிச் சிரிக்கமாட்டன். அந்தப் பிள்ளையின்ரை கையிலை உந்தப் பிஸ்டலைக் குடுக்காதை. ஒரு நாளைக்கெண்டாலும் குடுக்காதை. திங்கட்கிழமை வேலைக்குள்ளை போக முதல் உன்ரை கையை அவங்களுக்குக் காட்டு. காட்டிப்போட்டு ரெலிபோன் எடு. அப்பா எடுத்தால் ஒண்டும் சொல்லாதை, என்னைக் கூப்பிடச் சொல்லு.